ஆறு வருடம், 41 ரவிக்கை, ஒரு பெடல்

போன வாரம் எங்கள் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) நாலு வீடு தள்ளியிருக்கும் தங்கச்சி ஒருத்தி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். என்னிடம் இருக்கும் அதே கரண்டு தையல் மெஷின். 799 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) விற்றது இப்போது 549 வெள்ளி. "அக்கா, தீபாவளிக்கு முன்ன வாங்கிரவா?" என்று கேட்டிருந்தாள்.

அவள் கேட்ட நேரம் அப்படி. அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் ஈப்போவில் பழுதுபார்க்கக் கொடுத்திருந்த மெஷினை 95 வெள்ளி கட்டி சுங்கை சிப்புட்டுக்குத் திரும்பத் தூக்கி வந்திருந்தேன். ஒரே வார்த்தையில் பதில் போட மனம் வரவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

எத்தனை வகைத் தையல், எத்தனை வாட் என்பதெல்லாம் பெட்டியிலேயே போட்டிருக்கிறது. அதில் நான் என்ன தைக்கிறேன் என்று சொன்னால்தான் என் கோபம் விளங்கும். நான் தைப்பது பழைய படத்து ரவிக்கைகள். யூடியூப்பில் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, 555 என்ற சின்னப் பாக்கெட் நோட்டில் கழுத்தையும் கையையும் வரைந்து, பிறகு பழைய செய்தித்தாளில் வெட்டிப் பார்த்துத் தைக்கிறேன். ஆறு வருடத்தில் 41 ரவிக்கை. எனக்கு, அக்காவுக்கு, அண்ணன் மகள்களுக்கு, கேட்ட சிநேகிதிகளுக்கு.

இப்படிப் பார்த்துப் பார்த்து, படம் எந்தக் காலத்தது என்று கையைப் பார்த்தே ஓரளவு சொல்ல வருகிறது. ஐம்பதுகளின் படமென்றால் தோளில் சுருக்கு வைத்த பஃப் கை நிறையத் தெரியும். அறுபதுகளுக்கு வந்தால் சுருக்கு போய்விடும். கை முழங்கை வரை இறங்கிச் சதையோடு ஒட்டி நிற்கும். தமிழில் முழுநீள வண்ணப்படம் 1956-லேயே 'அலிபாபாவும் 40 திருடர்களும்' மூலம் வந்துவிட்டது. ஆனாலும் ஏவிஎம் மாதிரி பெரிய நிறுவனமே 1966-இல் 'அன்பே வா'வில்தான் தமிழில் வண்ணத்துக்கு வந்தது. அதுவரைக்கும் பெரும்பாலான படங்களில் துணியின் நிறம் தெரியாது, வெட்டுதான் தெரியும். எனக்குக் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்துத் தைக்கத்தான் பிடிக்கும். கண் நிறத்தில் மயங்காமல் நேராகக் கழுத்துக்கும் கைக்கும் போகிறது.

இந்தப் பழக்கம் அம்மாவிடமிருந்து வந்தது. அம்மா ரப்பர் தோட்டத்துப் பால்வெட்டுக்காரி. காலையில் மரம் வெட்டி, பால் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து, மத்தியானத்துக்கு மேல் லயத்து வீட்டு (தொழிலாளர் வரிசை வீட்டு) அஞ்சடியில், அதாவது முன் தாழ்வாரத்தில், மிதி மெஷினைப் போட்டு உட்காருவார். தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய மறுநாள் பெண்கள் துணியோடு வந்து நிற்பார்கள். "சரோஜாதேவி போட்டிருந்த மாதிரி கழுத்து" என்பார் ஒருவர். "இல்ல, இன்னும் கொஞ்சம் ஏத்தி" என்பார் இன்னொருவர். படத்தை நிறுத்திப் பார்க்க வழியில்லாத காலம். ஒரே முறை, அதுவும் தூரத்திலிருந்து பார்த்ததை வைத்து அம்மா வெட்டுவார். அளவெல்லாம் 555 நோட்டில்தான். அந்த நோட்டுகளில் இரண்டு இன்னும் என்னிடம் இருக்கின்றன.

பழைய வெட்டில் எனக்கு மிகவும் பிடித்தது கைக்குழி. இது நான் எதிர்பார்க்காத சந்தோஷம், மெஷினுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இப்போது கடையில் தைத்து வாங்கும் ரவிக்கையில் கைக்குழி தாராளமாகக் கீழே இறங்கியிருக்கும். கையைத் தூக்கினால் ரவிக்கை மொத்தமும் கூடவே ஏறும். பழைய வெட்டில் கைக்குழி அக்குளை ஒட்டி உயரமாக நிற்கும். பார்த்தால் பிடிப்பதுபோல் தோன்றும், ஆனால் போட்டுப் பார்த்தால் கை தனியாக அசையும், உடம்புத் துணி இருந்த இடத்திலேயே இருக்கும். பத்மினி ஆடும் காட்சிகளைக் கைக்குழிக்காக மட்டும் ஒருமுறை பாருங்கள், நான் சொல்வது புரியும். முதல் மூன்று ரவிக்கையில் பயந்துபோய் அரை அங்குலம் இறக்கி வெட்டினேன். நாலாவதில் அம்மாவின் நோட்டில் இருந்த அளவையே நம்பி வெட்டினேன். அதைப் போட்டுக்கொண்டு கொடியில் துணி காயப்போட்டபோது கையைத் தூக்கியும் இடுப்பில் ஒன்றும் ஏறவில்லை. அங்கேயே நின்று மறுபடி மறுபடி கையைத் தூக்கிப் பார்த்தேன்.

சரி, மெஷினுக்கு வருகிறேன்.

அறுபதுகளின் ரவிக்கைக்கு உயிரே கழுத்துதான். தோளிலிருந்து தோளுக்கு நீண்டு ஓடும் படகுக் கழுத்து, அல்லது மேலேறி மூடிய ஏர்ஹோஸ்டஸ் கழுத்து. (காஞ்சனா நடிக்க வருமுன் உண்மையிலேயே விமானப் பணிப்பெண்ணாக இருந்தவர். அவர் கழுத்து மூடிய ரவிக்கையில் நிற்கும்போது எனக்கு அந்த ஞாபகம் வந்துவிடும்.) முதுகும் உயர்ந்துதான் இருக்கும். இந்தக் கழுத்துகளில் எங்கும் ஒளிக்க முடியாது. கீழே இறங்கிய கழுத்தென்றால் முந்தானை கொஞ்சம் மறைக்கும், சங்கிலி கொஞ்சம் மறைக்கும். படகுக் கழுத்து கழுத்தெலும்புக்குக் குறுக்கே ஒரே கோடாக ஓடுகிறது. அந்தக் கோட்டில் ஒரு தையல் விலகினாலும் எதிரே நிற்பவர் கண்ணில் முதலில் அதுதான் படும்.

அந்தக் கழுத்துக்குத் துணியைச் சாய்வாகக் கிராஸ் பீஸ் வெட்டி, உள்ளே நூல் வைத்து, ஓரத்தில் புடைத்த கோடாகப் பைப்பிங் அடிப்பேன். ஊசி அந்த நூலை உரசிக்கொண்டே போக வேண்டும். தோள் மடிப்பு வரும் இடத்தில் துணி நாலைந்து அடுக்காகிவிடும். அங்கே ஒவ்வொரு தையலாக, ஒன்று, இரண்டு என்று எண்ணி நடத்த வேண்டும்.

இந்த மெஷின் எண்ணி நடக்காது. பெடலை மெல்ல அழுத்தினால் உறுமும், ஓடாது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் அப்போதும் உறுமல்தான். மயிரிழை அளவு கூடுதலாக அழுத்தினால் போதும், ஐந்தாறு தையலை ஒரே மூச்சில் கொட்டிவிட்டு நிற்கும். பைப்பிங் ஒரு பக்கம், தையல் ஒரு பக்கம். டூ பை டூ துணியென்றால் பிரித்துவிட்டு ஈரக்கையால் தடவினால் ஊசித்துளை ஓரளவு மூடிக்கொள்ளும். சாட்டினில் மூடாது. அண்ணன் மகள் நிச்சயதார்த்தத்துக்குத் தைத்த கருநீல சாட்டின் ரவிக்கையில் இடது தோள் பக்கம் ஏழு துளை இருக்கிறது. அவள் அதைப் பார்க்கவே இல்லை என்கிறாள். எனக்கு அந்த நிச்சயதார்த்த ஆல்பத்தைத் திறந்தால் அந்த ஏழு துளைதான் தெரிகிறது.

காரணம் என்ன என்று பிறகு தெரிந்துகொண்டேன். இந்த மாதிரி சாதாரண பெடல் மோட்டாருக்குப் போகும் கரண்டைக் குறைத்துத்தான் வேகத்தைக் குறைக்கிறது. கரண்டு குறைந்தால் வேகத்தோடு இழுக்கும் பலமும் குறைந்துபோகும். நாலு அடுக்குத் துணியைக் குத்த அந்தப் பலம் போதாது, அதனால் உறுமுகிறது. நாம் அழுத்துகிறோம். ஒருவழியாக ஊசி இறங்கியதும் சுமை விட்டுப்போகிறது, ஆனால் நம் கால் இன்னும் அழுத்திக்கொண்டுதான் இருக்கிறது. அதுதான் அந்தப் பாய்ச்சல். வேகம் குறையும்போதும் இழுக்கும் பலம் குறையாத எலக்ட்ரானிக் அமைப்பு கொஞ்சம் விலை கூடிய மெஷின்களில் இருக்கிறது. ஆறு வருடம் முன்னால் எனக்கு இதைச் சொல்ல ஆளில்லை. கடையில் எல்லோரும் எத்தனை வகைத் தையல் இருக்கிறது என்பதைத்தான் காட்டினார்கள். ஒருவரும் "நாலு அடுக்குத் துணியை வைத்து மெல்ல ஓட்டிப் பாருங்கம்மா" என்று சொல்லவில்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. பழைய சிலிப்பரின் குதிகால் ரப்பரை வெட்டி பெடலின் அடியில் ஒட்டினேன், கால் ஓர் அளவுக்கு மேல் இறங்காதபடி. பாய்ச்சல் பாதியாகக் குறைந்தது. தோள் மடிப்பு வரும்போது பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு, வலது கையால் சக்கரத்தை என் பக்கமாகச் சுற்றி ஒவ்வொரு தையலாக இறக்கினேன். கழுத்து நேராக வந்தது. ஆனால் துணியைத் திருப்ப இடது கை மட்டும்தான் மிச்சம். ஒரு கழுத்துக்கு நாற்பது நிமிடம்.

அப்புறம் இந்த வருடம் பெடல் முழுவதுமாகச் செத்துப்போனது. ஈப்போவில் ஒரு கடையில் கொடுத்தேன். மூன்று வாரம் வைத்திருந்து புதுப் பெடல் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து நாலு அடுக்குத் துணியை வைத்து அழுத்தினேன். உறுமியது, பாய்ந்தது. போன் பண்ணிக் கேட்டால், "இந்த மாடல் இப்படித்தாம்மா ஓடும்" என்றார்கள். அப்படியென்றால் அதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். 95 வெள்ளியில் நல்ல டூ பை டூ துணி எத்தனை மீட்டர் எடுத்திருப்பேன்.

கோபத்தில் நியாயத்தை விடக்கூடாது. இந்த மெஷின் இல்லாவிட்டால் 41-இல் பாதிகூடத் தைத்திருக்க மாட்டேன். ஜார்ஜெட்டும் நைலானும் வெட்டிய ஓரத்தில் பிரிந்துகொண்டே போகும். இதன் வளைதையல் (ஜிக்ஜாக்) அந்த ஓரத்தைப் பிடித்து நிறுத்திவிடும். மெல்லிய துணிக்கு 9-ஆம் நம்பர் ஊசி போட்டு, அடியில் செய்தித்தாள் துண்டு வைத்து ஓட்டினால் சுருங்காமல் போகிறது. பஃப் கைக்குச் சுருக்கு வைப்பதில் இதை மிஞ்ச முடியாது. தையல் நீளத்தைக் கடைசிவரை கூட்டி, அரை அங்குல இடைவெளிக்குள் இரண்டு வரிசை ஓட்டி, அடி நூல் இரண்டையும் சேர்த்து இழுத்தால் சுருக்கு கோயில் பாவாடை மாதிரி சீராக விழும். ராத்திரி பத்து மணிக்கு மேல் தைத்தாலும் பக்கத்து வீட்டுக்குச் சத்தம் கேட்காது. ஊசிப் பக்கத்து விளக்கு நல்ல விளக்கு. அம்மா தீபாவளி அவசரத்தில் மண்ணெண்ணெய் விளக்கை மெஷின் பலகையில் வைத்துக்கொண்டு கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் தைத்ததை நினைத்தால், இந்த விளக்குக்கு மட்டுமே நான் நூறு வெள்ளி கொடுப்பேன். ஆறு வருடத்தில் உள்ளே ஒரு பல்லும் உடையவில்லை. மாதம் ஒருமுறை பஞ்சு தட்டி எண்ணெய் விடுகிறேன், அவ்வளவுதான்.

அம்மாவின் மிதி மெஷின் இன்னும் என் வீட்டு ஹாலில்தான் இருக்கிறது. தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்து, நாங்கள் தாமானுக்கு மாறியபோது லாரியில் முதலில் ஏறியது அதுதான். மெஷின் ஈப்போவில் கிடந்த அந்த மூன்று வாரத்தில் அதற்குப் புதுத் தோல் வார் வாங்கிப் போட்டேன். நம்ம ஊர் ஈரத்துக்கு வார் தளர்ந்துவிடும், கொஞ்சம் வெட்டி மறுபடி கம்பி மாட்ட வேண்டும். நேர்த்தையல் தவிர ஒன்றும் தெரியாது. பின்னால் ஓடாது. சக்கரத்தைத் தெரியாமல் மாற்றிச் சுற்றினால் நூலை அறுத்துவிடும். ஒரு மணி நேரத்தில் என் முட்டி வலிக்கும்.

ஆனால் கழுத்தை வைத்தேன். காலை அசைத்தால் ஒரு தையல். நிறுத்தினால் நின்றது. தோள் மடிப்பில் வேகம் குறைந்தது, பலம் குறையவில்லை. இரண்டு கையும் துணியில் இருந்தன. படகுக் கழுத்து முழுவதும் பைப்பிங்கோடு ஒன்பது நிமிடம். கடிகாரத்தைப் பார்த்தேன். திரும்ப இன்னொன்று வெட்டி வைத்தேன், அதுவும் அப்படித்தான். அதன்பிறகுதான் அந்தக் கரண்டு மெஷின்மேல் எனக்கு இருந்த பொறுமை போனது. ஆறு வருடம் நான் என் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆக, தங்கச்சிக்கு என் பதில். ஓரம் அடிக்க, சுருக்கு வைக்க, மெல்லிய துணிக்கு, ராத்திரி வேலைக்கு எல்லாவற்றுக்கும் நல்ல மெஷின். உழைக்கும். 549 வெள்ளிக்குக் கொடுத்த காசு மோசம் போகாது. நாளைக்கே என்னுடையது தொலைந்துபோனால் எனக்குக் கை ஒடிந்த மாதிரிதான் இருக்கும். ஆனாலும் நீ வாங்காதே. நீ என்னிடம் காட்டியதெல்லாம் கழுத்து உயர்ந்த ரவிக்கைப் படங்கள். அதற்கு இது ஆகாது. இன்னும் கொஞ்சம் காசு சேர்த்து, கடையில் நாலு அடுக்குத் துணியை நீயே கொண்டுபோய் வைத்து ஓட்டிப் பார்த்து, எண்ணி நடக்கிற மெஷினாக வாங்கு. விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

தீபாவளி ரவிக்கைக்கு அதுவரை காத்திருக்க வேண்டாம். சனிக்கிழமை நாலு மணிக்கு மேல் வா. ஒன்றேகால் மீட்டர் டூ பை டூ, அதே நிறத்தில் நூல், பைப்பிங்குக்குக் கால் மீட்டர் தனியாக. கையும் உடம்பும் வெட்டியிருந்தால் பரவாயில்லை, கழுத்தை மட்டும் வெட்டாமல் கொண்டு வா. அம்மா நோட்டைப் பார்த்து இங்கே வெட்டிக்கொள்வோம்.