வேறொரு கடையின் சாவியோடு விற்கப்பட்ட ஜாங்கோ ப்ராஜெக்ட்: ஓர் எச்சரிக்கை

பெங்களூரு சிக்பேட்டையில் என் மைத்துனர் நடத்தும் மொத்தப் புடவைக் கடைக்கு இணையதளம் அமைத்துத் தர, கோரமங்களாவில் உள்ள ஒரு நிறுவனம் 1,80,000 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டது. இணையதளங்களை எழுத உதவும் ஜாங்கோ என்ற மென்பொருள் கட்டமைப்பின் அண்மைப் பதிப்பில், கடைக்கென்றே புதிதாக எழுதித் தருவதாக ஒப்பந்தத்தில் இருந்தது. தளம் திறந்த சில வாரங்களில், கடவுச்சொல்லை மாற்ற முயன்ற தர்மபுரி வியாபாரி ஒருவருக்கு ஸ்ரீராமபுரத்து மெஸ் ஒன்றின் பெயரில் மின்னஞ்சல் போயிருக்கிறது. நானும் இதே தொழிலில் இருப்பதால், மைத்துனர் கோப்புகளை என்னிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்.

தளத்தின் அமைப்புகளை வைத்திருக்கும் செட்டிங்ஸ் கோப்பின் தலைப்பிலேயே, ஜாங்கோ 2.2 கொண்டு உருவாக்கப்பட்டது என்ற தானியங்கிக் குறிப்பு அப்படியே இருந்தது. நிறுவப்பட்டிருந்ததும் அதே பதிப்புதான். அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 ஏப்ரலோடு நின்றுவிட்டன. பிழை நேர்ந்தால் தளத்தின் உள்விவரங்களைத் திரையில் காட்டிவிடும் டீபக் அமைப்பு, ட்ரூ (இயக்கத்தில்) என்றே இருந்தது. அனுப்புநர் முகவரி அந்த மெஸ்ஸுடையது.

டெம்ப்ளேட்டை (முன்மாதிரிக் கோப்புகளை) வைத்து வேலையைத் தொடங்குவதில் தவறே இல்லை. புதிய ப்ராஜெக்ட்டை உருவாக்கும் ஸ்டார்ட்ப்ராஜெக்ட் கட்டளையே நம் சொந்த டெம்ப்ளேட்டை ஏற்றுக்கொள்ளும். அதில் சீக்ரெட் கீ (தளம் தன் தகவல்களில் கையொப்பமிடப் பயன்படுத்தும் ரகசியச் சாவி) வரவேண்டிய இடத்தைக் காலியாகக் குறித்துவைத்தால், ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் புதிய சாவியை அதுவே நிரப்பிக் கொடுக்கும். இவர்களோ பழைய வாடிக்கையாளரின் ஃபோல்டரை நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். மெஸ் உரிமையாளரும் தமிழர். நிலைமையைச் சொன்னதும் தம்முடைய கோப்பைத் திறந்து காட்டினார். இரண்டு சாவிகளும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தன.

இது சின்ன விஷயம் அல்ல. எங்கள் தளத்தில் செஷன் விவரங்கள் (உள்நுழைந்தவர் யார் என்பது போன்றவை) கையொப்பமிட்ட குக்கியில், அதாவது வாங்குபவரின் பிரவுசரிலேயே இருக்கும் சிறு கோப்பில், வைக்கப்பட்டிருந்தன. வாங்குபவருக்குச் சில்லறை விலையா மொத்த விலையா என்பதும் அதில்தான் இருந்தது. அந்தக் கையொப்பத்தைப் போடுவது சீக்ரெட் கீதான் என்பதால், அதே சாவி கையில் உள்ள எவரும் தமக்கு வேண்டிய விலையை எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பலாம், எங்கள் தளமும் அதை நம்பும். சாவி வெளியே தெரிந்தால் ஜாங்கோவின் பல பாதுகாப்புகள் பயனற்றுப்போகும் என்று அதன் ஆவணத்திலேயே எச்சரித்திருக்கிறார்கள்.

நிறுவனத்தைக் கேட்டபோது, "எல்லா கிளையன்ட்டுக்கும் இதே பேஸ்தான் சார், இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை" என்றார்கள். எத்தனை கடைகள் இந்த ஒரே சாவியோடு திறந்து கிடக்கின்றனவோ என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

கடைசித் தவணையைக் கொடுக்குமுன் செட்டிங்ஸ் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். ஜாங்கோவின் செக் என்ற சோதனைக் கட்டளையை டெப்ளாய் என்ற தெரிவோடு ஓட்டினால் டீபக் போன்றவை தெரிந்துவிடும். ஆனால் நகலெடுத்த சாவி போதிய நீளத்தில் இருந்தால் அந்தச் சோதனை அதைக் கண்டுகொள்ளாமல் போகலாம். ஆகவே நிறுவனத்தின் பேச்சை நம்பாமல், உங்களுக்கு வேண்டியவர் ஒருவரைக் கொண்டு புதிய சாவியை உருவாக்கி, அதைக் கோப்பில் எழுதாமல் சர்வரின் என்விரான்மென்ட் வேரியபிளில் (நிரல் கோப்புகளுக்கு வெளியே, சர்வரில் தனியாக வைக்கும் மதிப்பில்) வைக்கச் சொல்லுங்கள். இப்படி மாற்றினால் உள்ளே இருக்கும் வாடிக்கையாளர்கள் எல்லாரும் வெளியேற்றப்படுவார்கள் என்பதால், நாங்கள் கடை மூடிய பிறகு இரவில் மாற்றினோம். மெஸ்ஸின் தளத்துக்கும் அன்றே மாற்றிக் கொடுத்தோம். மீதிப் பணத்தை மைத்துனர் இன்னும் கொடுக்கவில்லை.