மூன்றே வாரத்தில் உரிந்த கறுப்பு: பழைய கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

எங்கள் வீட்டு மாருதி 800, 1995 மாடல். அப்பா தன் சம்பளத்தில் வாங்கிய ஒரே கார். அவர் தவறிய பிறகு இரண்டு வருடம் ஷெட்டில் கவர் போட்டபடியே கிடந்தது. 2025-இல் எஃப்.சி. முடிகிற நேரம் வந்தபோது விற்றுவிடலாம் என்று உறவினர்கள் சொன்னார்கள். அம்மாவுக்கும் எனக்கும் மனசு வரவில்லை. சரி, செலவு ஆனாலும் ஆகட்டும், வண்டியைப் பழையபடி கொண்டுவருவோம் என்று இறங்கினோம்.

இன்ஜினில் பெரிய வேலை இல்லை. மெரூன் பெயிண்டும் பாலிஷ் போட்டதும் தெளிந்துவிட்டது. கறுப்பாக இருக்க வேண்டியவைதான் பார்க்கச் சகிக்கவில்லை. பம்பர் இரண்டும் வெயிலில் வெளுத்துச் சாம்பல் பூத்து, கை வைத்தால் விரலில் மாவு மாதிரி ஒட்டியது. கதவுக் கைப்பிடி, சைடு மிர்ரர், பக்கவாட்டில் பட்டையாக ஓடுகிற பீடிங் எல்லாம் அதே கதி.

சென்னைப் புறநகரில் கண்ணாடி முகப்போடு புதிதாக வந்திருந்த ஒரு கடையில் கொடுத்தேன். புகார் இன்னும் முடியாததால் பெயரைச் சொல்லவில்லை. “எல்லாத்தையும் கழட்டி, எமரி பேப்பர் போட்டுத் தேய்ச்சு, பெயிண்ட் பிடிக்கிறதுக்கு அடியில பிளாஸ்டிக் பிரைமர் கொடுத்து, பி.யூ. பெயிண்ட்ல மேட் பிளாக் அடிச்சுத் தர்றோம் சார். அஞ்சு வருஷத்துக்குத் தொட வேண்டாம்” என்றார்கள். ரூ.9,000 பேசி, ரூ.5,000 முன்பணம் கொடுத்தேன். பில் கேட்டதற்கு “வேலை முடிஞ்சதும் மொத்தமா தர்றோம்” என்றார்கள். அங்கேயே நான் விழித்திருக்க வேண்டும்.

மறுநாள் சாயங்காலமே வண்டி தயார் என்று போன் வந்தது. டியூப் லைட் வெளிச்சத்தில் பம்பர் புதுசு போலக் கறுகறுவென்று இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அம்மா பம்பரைத் தடவிப் பார்த்துவிட்டு, “அன்னைக்கு அப்பா ஓட்டிட்டு வந்தப்ப இப்படித்தான் இருந்துச்சு” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே கொடுத்த பணம் பெரிதாகத் தெரியவில்லை.

இருபத்திரண்டாம் நாள் வாட்டர் வாஷுக்கு விட்டேன். முன் பம்பரின் மூலையில் தண்ணீர் பட்டதும் பெயிண்ட் லேசாகத் தூக்கியது. அடுத்த வீச்சில் ஒரு சாண் நீளத்துக்கு வாழைப்பட்டை உரிவதுபோல உரிந்து தொங்கியது. பையன் பயந்துபோய் மோட்டாரை நிறுத்திவிட்டு, “அண்ணே, நான் மெதுவாத்தான் அடிச்சேன்” என்றான். அவன்மேல் ஒரு தப்பும் இல்லை. தொங்கிய பெயிண்டை விலக்கிப் பார்த்தேன். அடியில் இருந்த பிளாஸ்டிக் வழவழவென்று, பழைய பாலிஷ் பிசுக்கோடு அப்படியே இருந்தது. எமரி போட்டிருந்தால் கோடு கோடாகக் கீறல் தெரிய வேண்டும். ஒன்றுகூட இல்லை.

அதற்கப்புறம்தான் வண்டியைச் சுற்றி உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தேன். எதையும் கழற்றவே இல்லை; பம்பர் ஸ்குரூவின் தலைமீதே பெயிண்ட் ஏறியிருந்தது. கைப்பிடியைத் தூக்கினால் உள்ளே பழைய சாம்பல் நிறம். முன் கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பரில் கறுப்புத் தெளித்து, அது பொடிப்பொடியாக வெடித்திருந்தது. பக்கத்து மெரூன் தகட்டில் உள்ளங்கையை ஓட்டினால் மணல் மாதிரி நெருடியது. எல்லாவற்றையும்விட என்னைக் கொதிக்க வைத்தது வலது முன்கதவு. கண்ணாடிக்கு வெளிப்பக்கம் வருகிற பீடிங் எங்களுடையதே இல்லை. அசலில் உள்ளே தகடு இருக்கும். இப்போது இருப்பது விரலால் அழுத்தினால் மடங்குகிற மலிவு ரப்பர்.

கடையில் போய்க் கேட்டால், “பழைய பிளாஸ்டிக் சார், செத்துப்போச்சு. இனிமே எந்தப் பெயிண்டும் பிடிக்காது. புது பம்பர் வாங்கிட்டு வாங்க” என்றார்கள். பீடிங்கைப் பற்றி, வரும்போதே அப்படித்தான் இருந்தது என்று சாதித்தார்கள். என்னிடம் முன்னால் எடுத்த போட்டோ இல்லை.

பம்பர் உண்மையிலேயே செத்துவிட்டதோ என்று நானும் பாதி நம்பித்தான் வீட்டுக்கு வந்தேன். எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு வயதான பெயிண்டர் இருக்கிறார். அவர் பனியன் வேஸ்ட்டில் தின்னரைத் தொட்டு, உரியாமல் மிச்சமிருந்த இடத்தில் இரண்டு தேய் தேய்த்தார். துணி கறுப்பாகிவிட்டது. “தம்பி, இது என்.சி. பெயிண்ட். பி.யூ. அடிச்சிருந்தா இப்படிக் கரையாது” என்றார். என்.சி. என்பது நைட்ரோசெல்லுலோஸ்; தின்னர் ஆவியாகிக் காய்கிற பெயிண்ட், மறுபடி தின்னர் பட்டால் இளகிவிடும். பி.யூ. என்பது பாலியூரித்தேன்; ஹார்டனரோடு சேர்ந்து இறுகுவது. பின்னதுக்கு விலை அதிகம், வேலையும் அதிகம்.

பம்பரைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். உள்பக்கம் அச்சில் பி.பி. என்று இருந்தது. பாலிபுரொப்பிலீன். இந்த வகைப் பிளாஸ்டிக்கில் எதுவும் எளிதில் ஒட்டாது. அதனால்தான் பிளாஸ்டிக் பிரைமர் கட்டாயம். போதாததற்கு, வாட்டர் சர்வீஸில் கறுப்பாகத் தெரிய வேண்டும் என்று வருடக்கணக்கில் டீசலும் சிலிக்கான் பாலிஷும் துடைத்திருப்பார்கள். அந்த எண்ணெய்ப் பிசுக்கு போகாமல் அடித்தால் பிரைமரும் நிற்காது.

அவர் வேலையைக் கூடவே இருந்து பார்த்தேன். சோப்புத் தூளும் ஸ்காட்ச் பிரைட்டும் போட்டு மூன்று முறை கழுவினார். ஒவ்வொரு முறையும் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். முத்து முத்தாக நின்றால் பிசுக்கு இருக்கிறது என்று அர்த்தமாம். படலமாகப் பரவும்வரை விடவில்லை. பிறகு 400 நம்பர் பேப்பர், மெல்லிசாகப் பிரைமர், அதன்மேல் ஹார்டனர் கலந்த மேட் பிளாக். கண்ணாடி ரப்பருக்கு அடிக்கச் சொன்னபோது மறுத்துவிட்டார். வளைகிற ரப்பரில் பெயிண்ட் வெடிக்கத்தான் செய்யும் என்றார். ஒரு மழைக்காலம் போய்விட்டது, எங்கும் தூக்கவில்லை. செத்துப்போச்சு என்று சொன்ன அதே பம்பர்தான்.

உங்கள் வண்டியைக் கொடுக்கும் முன் ஒவ்வொரு பீடிங்கையும் கிட்டப்போய்ப் போட்டோ எடுத்து வையுங்கள். பழைய வண்டிச் சாமான் விற்கிற சென்னைப் புதுப்பேட்டையில் அலைந்தாலும் கிடைக்காத சாமான்கள் இவை. கழற்றத் தெரிந்தவரை வைத்துக் கழற்றி, கதவுப் பீடிங்கை வீட்டிலேயே வைத்துவிட்டால் இன்னும் நல்லது. என்ன பெயிண்ட், ஹார்டனர் உண்டா என்பதைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். பெயிண்ட் ஏறிவிட்டால் அடியில் நடந்த எதுவும் தெரியாது, அதனால் எமரி முடிந்த அன்று நேரில் போய்ப் பாருங்கள். ஹீட் கன்னால் சூடு காட்டிக் கறுப்பாக்கித் தருகிறோம் என்று இன்னொரு கடையில் சொன்னார்கள். அந்தக் கறுப்பு நிலைக்காது. மீதிப் பணம் கொடுக்கும் முன், பெயிண்ட் நன்றாகக் காய்ந்த பிறகு, பம்பரின் உள்விளிம்பில் தின்னர் துணியை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

பில் இல்லையே என்று நான் சும்மா இருந்துவிடவில்லை. அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியும் ஜிபே ரசீதும் இருந்தன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்தேன். ரூ.4,000 திருப்பித் தந்தார்கள். மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகத் தயாராகிறேன். புகாரை இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும்; வேலைக்கு நாம் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது.

வலது முன்கதவில் இன்னும் அந்த மலிவு ரப்பர்தான் இருக்கிறது. புதுப்பேட்டையில் இரண்டு கடைகளில் சொல்லிவைத்திருக்கிறேன். 1997-க்கு முந்தைய 800-இன் அசல் பீடிங் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து தெரிவியுங்கள், எங்கே இருந்தாலும் வந்து வாங்கிக்கொள்கிறேன்.