பழைய லப்டொப்புக்கு ராமா, எஸ்எஸ்டியா?

வெப் பேஜ் திறக்க இழுபடுது எண்டா எல்லாரும் முதல்ல லைனைத்தான் திட்டுறது, ஆனா அதே வைஃபைல ஃபோன்ல டக்கெண்டு வருது, லப்டொப்ல மட்டும் சுத்திக்கொண்டு நிக்குது எண்டா பிழை லைன்ல இல்ல. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூண்டையும் சேத்து அமத்தி டாஸ்க் மனேஜரைத் திறந்து பாருங்கோ, லப்டொப்பில எது எவ்வளவு பாவிபடுது எண்டு அதில காட்டும்.

மெமரி 90 வீதத்துக்கு மேல நிண்டா போட வேண்டியது ராம், அதாவது திறந்து வச்சிருக்கிறதுகளை லப்டொப் தற்காலிகமா வச்சிருக்கிற இடம். 4 ஜிபியில ஒரு பக்கம் யூடியூப், ஒரு பக்கம் ஃபேஸ்புக், இன்னும் நாலைஞ்சு டாப் எண்டு வச்சா இடம் முடிஞ்சிடும், பிறகு விண்டோஸ் மிச்சத்தை ஹார்ட் டிஸ்க்கில கொண்டுபோய் வைக்கும், பழைய டாப்புக்குத் திரும்பிப் போகேக்க வெள்ளையா நிக்கிறது உதாலதான். 8 ஆக்கினா அந்த அரியண்டம் குறையும். ராமிலயும் வகை இருக்கு, டிடிஆர்3 போர்டில டிடிஆர்4 ஏறாது, அதிலயும் சில லப்டொப்புக்கு 1.35 வோல்ட் டிடிஆர்3எல் தான் வேணும், அதால யாழ்ப்பாணம் டவுனுக்கு வாங்கப் போகேக்க பழைய ராமையும் கழட்டிக்கொண்டு போங்கோ.

மெமரி பாதியில நிக்க டிஸ்க் மட்டும் 100 வீதம் எண்டா போட வேண்டியது எஸ்எஸ்டி, அதாவது ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாப் போடுற கெதியான டிஸ்க். ஹார்ட் டிஸ்க் செக்கனுக்கு 100 எம்பி சொச்சம் வாசிக்கும், சாட்டா எண்ட வகை எஸ்எஸ்டி 500 மட்டில. குரோம் திறக்கிறதே வேற மாதிரி இருக்கும். ஆனா நெட் ஸ்பீட் இதால ஏறாது, ஏறும் எண்டு சொல்லி விக்கிற ஆக்களும் இருக்கினம்.

ஒண்டுக்குத்தான் காசு எண்டா நான் எஸ்எஸ்டி எண்டுதான் சொல்லுவன், ராம் காணாட்டியும் டிஸ்க்குக்குப் போய்வாறது கெதியா நடக்கும். 2 ஜிபி மெஷின் எண்டா மட்டும் முதல் ராம். லப்டொப்பின்ர மூளையான சிபியூ எந்நேரமும் 100 வீதத்தில நிண்டா ரெண்டும் வேஸ்ட்.