மலையேற்றத்துக்கு எந்தக் கத்தி? எட்டு வருஷம் பையில் வைத்திருந்த அனுபவம்

முதல் தடவை மலையேறப் போனபோது நான் எடுத்துப்போன கத்தி அரைக் கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. 2017 ஜனவரி, போடிநாயக்கனூர் பக்கம் குரங்கணியிலிருந்து கொழுக்குமலைக்கு. கடையில் பார்த்ததுமே பிடித்துப்போய் வாங்கியது அது. நாலு மில்லிமீட்டர் தடிமன் தகடு, முதுகில் ரம்பப் பல், கைப்பிடிக்குள் திசைகாட்டி, உறையில் தீக்கல். இரண்டு நாளில் அதை வெளியே எடுத்தது ஒரே ஒரு தடவை, கேரட் நறுக்க. கத்தி பாதி இறங்கியதுமே கேரட் டக்கென்று பிளந்து, ஒரு துண்டு புல்லுக்குள் தெறித்துப் போனது. வழிகாட்டியாக வந்த அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, புதர் வெட்டணும்னா அருவா என்கிட்ட இருக்கு. நீங்க வெங்காயம் நறுக்க ஒண்ணு வெச்சுக்குங்க, அது போதும்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் அதற்குப் பிறகு வந்த கத்திகளையெல்லாம் தேர்ந்தெடுத்தேன். மலையில் கத்திக்கு என்ன வேலை என்று யோசித்துப் பாருங்கள். சாப்பாடு சம்பந்தப்பட்டதுதான் பெரும்பகுதி: வெங்காயம், தக்காளி, எலுமிச்சை, சப்பாத்திக்குள் வைக்க வெள்ளரிக்காய், மசாலா பாக்கெட். அப்புறம் கயிறு, பிளாஸ்திரி, முள், நகம். இதில் எதற்கும் பெரிய தகடு வேண்டாம்.

வெளிநாட்டு வீடியோக்களில் கத்தியின் முதுகில் கட்டையால் அடித்து விறகு பிளப்பார்கள். பனி பெய்யும் காட்டில், தீ மூட்ட அனுமதி உள்ள இடத்தில், அது உயிர் காக்கும் வேலை. நம் காடுகளில் அந்த வேலையே கிடையாது. காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவது குற்றம். நான் முதலில் நடந்த அதே குரங்கணி மலையில் 2018 மார்ச் 11 அன்று மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, 20 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். நான் நடந்த பாதை, நான் உட்கார்ந்த புல்வெளி. அந்தச் செய்தியைப் படித்த பிறகு தீக்கல்லும் விறகுக் கத்தியும் என் பையில் ஏறியதே இல்லை. சமையல் எல்லாம் அனுமதி உள்ள முகாம் இடத்தில், சின்ன கேஸ் அடுப்பில்தான்.

இப்போது என்னிடம் இருப்பவை இரண்டு: விக்டோரினாக்ஸ் கிளைம்பர், ஒபினெல் 8ஆம் எண்.

கிளைம்பர் 2018 முதல் கூடவே இருக்கிறது. மடக்கினால் 91 மில்லிமீட்டர், எடை 82 கிராம். சுவிட்சர்லாந்தின் இபாக் ஊரில் கார்ல் எல்செனர் 1884இல் தொடங்கிய பட்டறைதான் இன்றைய விக்டோரினாக்ஸ். 1891இல் சுவிஸ் படைக்குக் கத்தி கொடுத்தார். 1897இல் வந்த 'அதிகாரிகள் கத்தி'யின் வாரிசுதான் நாம் எல்லோரும் பார்த்திருக்கும் சிவப்புக் கத்தி. கத்திக்காக வாங்கினேன், ஆனால் அதிகம் கைக்கு வந்தது அதில் இருக்கும் சின்ன கத்தரிக்கோல்தான். கொப்புளத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியை மூலை மழுக்கி வெட்டினால்தான் ஷூவுக்குள் சுருளாமல் இருக்கும். அதைக் கத்தியால் செய்ய முடியாது. கட்டுத்துணி, பால்பவுடர் பாக்கெட், கால் நகம், எல்லாம் கத்தரிக்கோலுக்குத்தான்.

கைப்பிடிக்குள் செருகி வைத்திருக்கும் சின்ன இடுக்கியும் (ட்வீசர்) அப்படித்தான். முள் எடுக்க என்றுதான் முதலில் நினைத்தேன். கர்நாடகப் பக்கம் போக ஆரம்பித்ததும் உண்ணிக்குத் தேவைப்பட்டது. குரங்குக் காய்ச்சலைப் பரப்புவது இந்த உண்ணிதான். ஷிமோகா பக்கம் கியாசனூர் காட்டில் 1957இல் முதலில் கண்டுபிடித்த நோய் அது. உண்ணியைத் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நசுக்காமல் நேராக மேலே இழுக்க வேண்டும். நகத்தால் கிள்ளி எடுக்கப் பார்த்தால் வயிறு நசுங்கும், தலை உள்ளே தங்கிவிடும்.

அதே கத்தியின் பின்பக்கம் ஒரு துளைப்பான் இருக்கிறது, ஊசிக்கண் போல ஓட்டை வைத்தது. அதன் மதிப்பு குமார பர்வதத்தில்தான் தெரிந்தது. 1,712 மீட்டர் உச்சியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். நண்பனுடைய பையில் தோள்பட்டை வார் தையல் விட்டு, அடியோடு கழன்று வந்துவிட்டது. பன்னிரண்டு கிலோ பையை ஒரு தோளில் போட்டுக்கொண்டு அந்தச் செங்குத்தில் இறங்கவே முடியாது. வாரைத் தட்டையான கல்மேல் வைத்து, துளைப்பானை நேராக அழுத்தி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினேன். கெட்டியான நைலான் வார். முதலில் வழுக்கியது, பிறகு 'கிரிக்'கென்று நூல்கள் விலகி வழி விட்டன. நாலு ஓட்டை. பல் இடுக்கில் விடும் நூலைக் கண்ணில் கோத்து உள்ளே தள்ளி இழுத்து, மூன்று சுற்று. முக்கால் மணி நேரம் ஆனது. அந்தத் தையல் பெங்களூரு வீடு வரைக்கும் தாங்கியது. அன்றைக்குக் கற்றது ஒன்று: துளைப்பானுக்குப் பூட்டு இல்லை, பக்கவாட்டில் அழுத்தினால் விரல் மேலேயே மடங்கும். நேராக மட்டும்தான் அழுத்த வேண்டும்.

ஆனால் சமைக்கும்போது கிளைம்பர் எனக்குப் பிடிப்பதில்லை. நறுக்கி முடித்ததும் தக்காளி விதையும் வெங்காயச் சாறும் உள்ளே எல்லா இடுக்கிலும் போய்விடும். மலையில் அதைக் கழுவத் தண்ணீரும் இருக்காது, பொறுமையும் இருக்காது. அதனால்தான் ஒபினெல்.

ஒபினெல் ஒரு மரக் கைப்பிடி, ஒரு தகடு, ஒரு வளையம், அவ்வளவுதான். பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் 1890இல் ஜோசப் ஒபினெல் செய்தது, விவசாயிகள் பையில் போட்டுக்கொண்டு போகிற கத்தியாக. 8ஆம் எண்ணில் தகடு 8.5 சென்டிமீட்டர். எடை ஐம்பது கிராமைத் தாண்டாது. தகடு மெல்லிசு, அதுதான் விஷயம். நன்றாகப் பழுத்த தக்காளியின் தோலில் வைத்து இழுத்தால், அழுத்தாமலே உள்ளே போகும். பாத்திர மூடியைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் நாலு பேருக்கு வெங்காயம் நறுக்கிவிடலாம். எலுமிச்சை சாதத்துக்குப் பச்சை மிளகாய் கீறுவதற்கு இதைவிட நல்ல கத்தி நான் பார்த்ததில்லை.

இதில் துருப்பிடிக்காத எஃகு, சாதாரண கார்பன் எஃகு என்று இரண்டு வகை உண்டு. நான் முதலில் வாங்கியது கார்பன். வீட்டில் பழைய இரும்பு அரிவாள்மனை இருந்தவர்களுக்கு அதன் குணம் தெரியும். வாழைப்பூ ஆய்ந்தால் கறுக்கும், எலுமிச்சை பட்டால் சாம்பல் நிறம் ஏறும், ஈரத்தோடு வைத்தால் மறுநாள் காலையில் செம்புள்ளி. ஆனால் கூர் சட்டென்று ஏறும். சமவெளியில், கொடைக்கானலில், அதனோடு எனக்கு எந்தக் கஷ்டமும் இல்லை. அகஸ்தியர்கூடம் போனபோது இரண்டு நாளும் மழையும் அட்டையும். எந்நேரமும் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. திரும்பி வந்து துருப்பிடிக்காத வகைக்கு மாறிவிட்டேன். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரத்துக்கு அதுதான் சரி. பீச் மரக் கைப்பிடி மழையில் ஊறி உப்பும், தகடு இறுகும். அது மரத்தின் இயல்பு. கைப்பிடியின் அடிப்பகுதியைக் கல்லில் இரண்டு தட்டு தட்டினால் தகடு வெளியே எட்டிப் பார்க்கும். அந்த ஊர்க்காரர்கள் காலங்காலமாகச் செய்வதே இதுதான்.

பூட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். என் இடது ஆள்காட்டி விரலில் மூன்று தையல் போட்ட தழும்பு இருக்கிறது. 2018 தொடக்கத்தில், இந்த இரண்டும் வருவதற்கு முன்னால், பேர் தெரியாத ஒரு மலிவுக் கத்தி வைத்திருந்தேன். உள்தகடு ஒன்று நகர்ந்து வந்து பூட்டும் வகை. கயிற்றில் இறுகிய முடிச்சை முனையால் நெம்பினேன், பூட்டு நழுவியது. அதிலிருந்து கடைக்குப் போனால் மூடும் பக்கமாக மெல்ல அழுத்திப் பார்க்காமல் எந்தப் பூட்டுக் கத்தியையும் வாங்குவதில்லை. ஒபினெல்லின் வளையம் 1955இல் வந்தது. திருப்பினால் தகட்டின் பாதையையே அடைத்துவிடும், நழுவ இடமில்லை. கிளைம்பரில் பூட்டு கிடையாது, வில்லின் இழுப்பு மட்டும்தான். அதைத் தெரிந்துகொண்டு, கீழ்நோக்கி வெட்ட மட்டும் பயன்படுத்தினால் ஆபத்தில்லை. பிள்ளைகள் கையில் கொடுப்பதானால் வளையப் பூட்டு உள்ளதைக் கொடுங்கள்.

சாணை விஷயத்தில் ஒரு வேண்டுகோள். தெருவில் வரும் சாணைச் சக்கரத்தில் இந்த மெல்லிய கத்திகளைக் கொடுக்காதீர்கள். அரிவாளுக்கும் வீட்டுக் கத்திக்கும் அவர்கள் வேலை அருமையானது. ஆனால் காய்ந்த சக்கரத்தின் வேகத்தில் மெல்லிய வாய் நொடியில் சூடேறும். முனையில் நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம். அப்புறம் எத்தனை தடவை தீட்டினாலும் கூர் நிற்காது. 1000 எண் நீர்க்கல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பதினைந்து முதல் இருபது டிகிரி சாய்வில், தகட்டின் முதுகைக் கல்லிலிருந்து கொஞ்சமே உயர்த்தி, இரண்டு பக்கமும் பத்துப் பத்து இழுப்பு. பயணத்தில் கல் வேண்டாம். பீங்கான் கப்பின் அடியில் பளபளப்பு இல்லாத வளையம் இருக்குமே, அதில் நாலு இழுப்பு போதும்.

எண்ணெய்க்கு நான் தேங்காயெண்ணெய்தான். சாப்பாட்டில் பட்டாலும் பயமில்லை. உத்தரகண்டில் கேதார்காந்தா போனபோது மட்டும் அது கீலுக்குள் உறைந்துபோய், காலையில் கத்தியைத் திறக்க உள்ளங்கையில் வைத்துச் சூடாக்க வேண்டியிருந்தது. குளிர்ப் பிரதேசம் என்றால் கீலுக்கு ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டு, தகட்டைச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். தோல் உறையில் வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

சட்டம் பற்றிப் பலர் கேட்கிறார்கள். நம் ஆயுத விதிகளில் உரிமம் தேவைப்படும் கத்திகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள தகடு கொண்டவை. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் என்று செய்தவை அதில் சேராது. அதற்காக இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நிற்க வேண்டாம். பட்டனை அழுத்தினால் பாய்ந்து திறக்கும் கத்தி பக்கமே போகாதீர்கள். வனத்துறை சோதனைச் சாவடியில் கேட்பதற்கு முன்னாலேயே நான் எடுத்துக் காட்டிவிடுவேன். பழம் நறுக்கும் கத்தி என்று பார்த்தாலே தெரியும், இதுவரை யாரும் தடுத்ததில்லை. விமானத்தில் கைப்பையில் வைக்கவே கூடாது, சரக்கில் போடும் பைக்குள்தான். ஒரு தடவை மறந்து வைத்து, முதல் கிளைம்பரைச் சோதனை மேசையில் விட்டுவிட்டு வந்தேன். இப்போது இருப்பது இரண்டாவது.

ஒன்று மட்டும்தான் வாங்க முடியும் என்றால், நாலு பேருக்குச் சமைப்பவர் ஒபினெல்லை எடுங்கள். சமையல் இல்லாமல் நடப்பவருக்குக் கிளைம்பர். சிவப்புக் கத்திக்குப் போலிகள் நிறைய, தகட்டின் அடியில் விக்டோரினாக்ஸ் பெயர் தெளிவாகப் பொறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வாங்கியதும் இரண்டிலும் ஒரு முழ நீளத்துக்கு ஆரஞ்சு நிறக் கயிறு கட்டிவிடுங்கள். ஒபினெல்லின் மர நிறம் சருகோடு சருகாகப் போய்விடும். ஒரு சாயங்காலம் முழுக்க நாலு பேர் மண்டி போட்டுத் தேடியிருக்கிறோம், டார்ச் வெளிச்சத்தில் அந்த வளையம் மின்னியதால்தான் கிடைத்தது.