‘330 நிச்சயம்’ என்பவர்களிடம் பணம் கட்டப் போகிறீர்களா?

நெல்லையில் வண்ணார்பேட்டை, பெருமாள்புரம், ஹைகிரவுண்ட் பக்கம், வெளிநாட்டு முதுநிலைப் படிப்புக்கான ஜி.ஆர்.இ. தேர்வின் கோச்சிங்குக்கு விசாரித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளும் பெற்றோர்களும் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். என் அக்கா மகளைச் சேர்த்த இடத்தின் பெயரை நான் எழுதவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் புகார் நிலுவையில் இருப்பதால் பெயரை எழுத வேண்டாம் என்கிறார் வக்கீல். பரவாயில்லை. இவர்கள் வேலை செய்யும் விதம் தெரிந்துவிட்டால் எந்தப் படிக்கட்டில் ஏறினாலும் ஆளை அடையாளம் கண்டுகொள்ளலாம்.

அக்கா வீடு அம்பாசமுத்திரம். மகள் சிவில் இன்ஜினியரிங் முடித்தவள். நீர்வளப் பொறியியலில் வெளிநாட்டில் மேற்படிப்பு படிக்க ஆசை. 2024 கடைசியில் நானும் அவளும் அந்த சென்டருக்குப் போனோம். உள்ளே நுழைந்ததுமே இலவசமாக ஒரு ‘தகுதித் தேர்வு’ வைத்தார்கள். முடிந்ததும் மேனேஜர் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார்: 281. ஜி.ஆர்.இ. கணக்கே 260-இல்தான் தொடங்குகிறது, உச்சம் 340. அதாவது கிட்டத்தட்ட ஒன்றுமே தெரியாதவள் என்று அர்த்தம். பிள்ளையின் முகம் அங்கேயே விழுந்துவிட்டது.

“அண்ணாச்சி, இதை வச்சுக்கிட்டு அப்ளை பண்ணினா திறந்துகூடப் பாக்க மாட்டான். எம்.ஐ.டி.யே மறுபடியும் டெஸ்ட்டைக் கொண்டு வந்துட்டான், பேப்பர்ல பாத்தீங்கள்லா? மூணு மாசம் நம்மகிட்ட விடுங்க. 330 என் பொறுப்பு.”

பேப்பரில் வந்தது உண்மைதான். எம்.ஐ.டி. 2022-இலும், டார்ட்மத், யேல், ஹார்வர்டு 2024-இலும் கட்டாயத் தேர்வைத் திரும்பக் கொண்டுவந்தன. ஆனால் அது பிளஸ் டூ முடித்துவிட்டு இளநிலைப் படிப்புக்குப் போகிறவர்கள் எழுதும் எஸ்.ஏ.டி. போன்ற தேர்வு. முதுநிலைப் படிப்புக்கான ஜி.ஆர்.இ. கதையே வேறு. கொரோனாவுக்குப் பிறகு அமெரிக்காவில் ஏகப்பட்ட துறைகள் அதை விருப்பத் தேர்வாக்கிவிட்டன, சில கேட்பதையே நிறுத்திவிட்டன. அதே எம்.ஐ.டி.யின் மின்னியல், கணினித் துறை ஜி.ஆர்.இ. மதிப்பெண்ணைக் கேட்பதில்லை. ஒரு தேர்வைப் பற்றிய செய்தியைக் காட்டி இன்னொரு தேர்வுக்குப் பணம் வாங்கும் சாமர்த்தியத்தை அன்றைக்கு நேரில் பார்த்தேன்.

ராத்திரி அக்காவிடமிருந்து போன். “ஏல, பிள்ளை சாப்பிடவே இல்லல. நகைய வச்சிருவோமா?” நகை அடகுக்குப் போனது. 45,000 ரூபாய் கட்டினோம். நம்பர் இல்லாத, ஜி.எஸ்.டி. எண் இல்லாத ஒரு துண்டு ரசீது கிடைத்தது.

பாடப் புத்தகம் என்று கொடுத்தது ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஜெராக்ஸ் கட்டு. யாரோ ஒரு பழைய மாணவர் பென்சிலில் போட்ட டிக்குகள், ஓரத்தில் ‘முக்கியம்’ என்ற கையெழுத்து, ஒரு பக்கத்தில் டீ கிளாஸ் வைத்த வட்டக்கறை என்று எல்லாமே நகலில் விழுந்திருந்தன. அதில் மதிப்பெண் அட்டவணை 800 வரை போகிறது. பாதிப் புத்தகம் எதிர்ச்சொல் பயிற்சி, மீதியில் பெரும்பகுதி சொல்லுக்குச் சொல் உறவு காட்டும் பயிற்சி. இந்த இரண்டு வகைக் கேள்விகளையும் 800 கணக்கையும் ஜி.ஆர்.இ. 2011 ஆகஸ்டிலேயே தூக்கிவிட்டது. அந்தச் சமயத்தில் எங்கள் பிள்ளை நடுநிலைப் பள்ளியைக்கூடத் தாண்டவில்லை.

அதோடு போகவில்லை. 2023 செப்டம்பர் 22 முதல் தேர்வு மறுபடியும் மாறியது. முன்பு மூணே முக்கால் மணி நேரம், இப்போது இரண்டு மணி நேரத்துக்கும் இரண்டு நிமிடம் குறைவு. இரண்டு கட்டுரைகளில் ஒன்றை, அதாவது இன்னொருவர் வாதத்தில் உள்ள ஓட்டைகளைக் காட்டும் கட்டுரையை, எடுத்துவிட்டார்கள். இங்கே வாரக்கணக்கில் அந்த இல்லாத கட்டுரையைத்தான் எழுத வைத்தார்கள்.

பழைய பாடம் படித்தால் நேரம்தான் வீண் என்று விட்டுவிடலாம். தப்பான விதியைச் சொல்லிக் கொடுத்தால் மதிப்பெண்ணே போகும். தவறான விடைக்கு மைனஸ் மார்க் உண்டு, தெரியாததைத் தொடாதே என்றார்கள். ஜி.ஆர்.இ.யில் மைனஸ் மார்க் கிடையாது, எதையும் காலியாக விடுகிறவருக்குத்தான் நஷ்டம். ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்ப முடியாது என்றார்கள். அந்தப் பகுதிக்கான நேரம் முடியும் வரை முன்னும் பின்னும் போகலாம், குறியிட்டு வைத்துவிட்டுத் திரும்பி வரலாம். கணக்குப் பகுதிக்குத் திரையிலேயே கால்குலேட்டர் உண்டு என்பதைக்கூட அவர்கள் சொல்லவில்லை.

இதையெல்லாம் அவளாகத்தான் கண்டுபிடித்தாள். தேர்வை நடத்தும் ஈ.டி.எஸ். நிறுவனம் ‘பவர்பிரெப்’ என்ற பெயரில் இரண்டு முழு மாதிரித் தேர்வுகளை இலவசமாகவே தருகிறது. அசல் தேர்வின் அதே திரை, அதே நேரக்கணக்கு. சேர்ந்த சில நாட்களிலேயே, அங்கே இன்னும் உருப்படியாக எதுவும் நடக்காத நிலையில், வீட்டில் உட்கார்ந்து அதை எழுதிப் பார்த்தாள். 304 வந்தது. அப்படியானால் அந்த 281 எங்கிருந்து வந்தது?

மேனேஜரிடம் கேட்டதற்கு, “இந்தியாவுக்குப் பேப்பர் வேற மாதிரிம்மா, நாங்க எத்தனை வருசமாப் பாக்கோம்” என்று பதில். ஜி.ஆர்.இ.க்கு இந்தியப் பேப்பர் என்று தனியாக ஒன்று கிடையாது.

வகுப்பெடுத்த பையனைக் குறை சொல்ல மாட்டேன். முந்தின வருடம் கல்லூரி முடித்தவன், கணக்கை ஒழுங்காகத்தான் சொல்லிக் கொடுத்தான். அவனுக்கே சம்பள பாக்கி என்று பிற்பாடு தெரிந்தது.

அப்புறம் அவர்களுடைய மாக் டெஸ்ட், அதாவது மாதிரித் தேர்வு. 281-இல் ஆரம்பித்தவள் 318, 324, 329 என்று ஏணி வைத்த மாதிரி ஏறிக்கொண்டே போனாள். ஒரே கேள்விகளை வரிசை மாற்றிப் போட்டால் யாருக்கும் ஏறும். சென்னைக்குப் போய் அசல் தேர்வு எழுதினாள்: கணக்கில் 163, ஆங்கிலத்தில் 149, மொத்தம் 312. மோசமில்லை. ஆனால் வாக்குக் கொடுத்தது 330 ஆயிற்றே. பணத்தைத் திருப்பிக் கேட்டபோதுதான் சேர்க்கைப் படிவத்தின் பின்பக்கப் பொடி எழுத்தை எடுத்துக் காட்டினார்கள். 95 சதவீத வருகை வேண்டும், எல்லா வீட்டுப் பாடத்திலும் அவர்கள் முத்திரை இருக்க வேண்டும், சொந்தச் செலவில் இன்னும் இரண்டு முறை தேர்வு எழுதியிருக்க வேண்டும். தேர்வுக் கட்டணம் ஒவ்வொரு முறையும் 20,000 ரூபாய்க்கு மேல். அதற்குப் பிறகும் கிடைப்பது பணம் இல்லை, அடுத்த பேட்ச்சில் ஓர் இலவச இடம்! அந்தப் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு வருகிறோம் என்று சேரும்போதே கேட்டோம். ஆபீஸ் காப்பி, வெளியே தர மாட்டோம் என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

வாசல் ஃப்ளெக்ஸில் 334 எடுத்ததாகச் சிரித்துக்கொண்டிருக்கும் பையன் எனக்குத் தெரிந்த ஒருவரின் பக்கத்து வீடு. அவன் அங்கே படிக்கவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இலவச மாக் டெஸ்ட் எழுதப் போனான், போட்டோ எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். மாணவரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் படத்தைப் போடக் கூடாது, தேர்ச்சி உத்தரவாதம் என்று விளம்பரம் செய்யக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் கோச்சிங் சென்டர்களுக்கு வழிகாட்டு நெறி வெளியிட்டிருக்கிறது.

இதைவிடப் பயந்துபோனது சான்றிதழ் விஷயத்தில். மதிப்பெண் வந்ததும் ‘யுனிவர்சிட்டி பேக்கேஜ்’ என்று அடுத்த கட்டத்தை ஆரம்பித்தார்கள். சரிபார்க்க வேண்டும் என்று அசல் மார்க்ஷீட்டுகளையும் டிகிரியையும் வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் கொடுத்த எட்டுப் பல்கலைக்கழகப் பட்டியலில் பாதியில் நீர்வளப் படிப்பே இல்லை. தங்களுக்குக் கமிஷன் தரும் இடங்களாகப் பொறுக்கிப் போட்டிருக்கிறார்கள். வேண்டாம் என்றதும், பேக்கேஜ் பணம் 60,000 கட்டினால்தான் சான்றிதழ் என்று நின்றார்கள். காவல் நிலையத்தில் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீதுடன் போன பிறகு, அதே ஆள் “என்ன அண்ணாச்சி, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வீட்டுக்கே கொண்டாந்திருப்பேனே” என்று கவரை நீட்டினார். யார் கேட்டாலும் நகலைக் கொடுங்கள், அசலைக் காட்டிவிட்டுக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, அந்த 312 எதற்காவது பயன்பட்டதா? இல்லை. அவள் கடைசியில் சேர்ந்திருப்பது ஜெர்மனியில் ஓர் அரசுப் பல்கலைக்கழகம். அங்கே பெரும்பாலான முதுநிலைப் படிப்புகளுக்கு ஜி.ஆர்.இ. கேட்பதில்லை, சில மட்டும் கேட்கின்றன. அவளுடைய படிப்புக்கு வேண்டியிருந்தது ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வில் 6.5. அவளிடம் 7 இருந்தது. அந்த 7-ஐ 8 ஆக்கினால்தான் சீட் என்று சென்டர்காரர்கள் இன்னொரு கோர்ஸுக்கும் அடிபோட்டார்கள். அந்தப் படிப்புக்கு 6.5 என்பது தகுதிக் கோடு மட்டும், அதைத் தாண்டிவிட்டால் 7-க்கும் 8-க்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. ஜெர்மனிக்குப் படிக்கப் போகும் இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பரிலிருந்து கட்டாயமான, கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழைப் பற்றி இத்தனை மாதத்தில் ஒரு வார்த்தைகூட அவர்கள் வாயிலிருந்து வரவில்லை. நேரடியாக விண்ணப்பிக்கக்கூடிய அரசுப் பல்கலைக்கழகத்தில் அவர்களுக்குக் கமிஷன் ஏது?

ஆன்லைன் நேர்காணலில் பேராசிரியர் கேட்டது அவளுடைய இறுதியாண்டு புராஜெக்டைப் பற்றி. கன்னடியன் கால்வாயில் கடைமடைக்குத் தண்ணீர் ஏன் குறைகிறது என்று வீரவநல்லூர், பத்தமடைப் பக்கம் வெயிலில் நின்று மடை மடையாக அளந்து எழுதியது அது. சென்டரில் அந்த ரிப்போர்ட்டைக் காட்டியபோது, இதெல்லாம் யாரும்மா படிப்பான் என்று ஒதுக்கிவிட்டார்கள்.

ஜி.ஆர்.இ. எங்குமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பொருளாதாரம் போன்ற துறைகளில் கணக்கு மதிப்பெண்ணை இன்னும் கவனமாகப் பார்க்கிறார்கள், சில துறைகள் கட்டாயமாகவே கேட்கின்றன. கல்லூரி மதிப்பெண் குறைந்தவர்களுக்கு விருப்பத் தேர்வாக இருந்தாலும் அது கைகொடுக்கலாம். ஆனால் ஜி.ஆர்.இ. மதிப்பெண்ணை மட்டும் வைத்து யாரையும் நிராகரிக்கக் கூடாது என்று அந்தத் தேர்வை நடத்துகிறவர்களே பல்கலைக்கழகங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளை போக நினைக்கும் படிப்பின் சேர்க்கைப் பக்கத்தை நீங்களே திறந்து பாருங்கள். தேவை, விருப்பம், ஏற்பதில்லை என்று மூன்றில் ஒன்று அங்கே எழுதியிருக்கும். அதைப் பார்க்காமல் கோச்சிங் வாசலுக்கே போகாதீர்கள். தேவை என்று போட்டிருந்தால் முதலில் பவர்பிரெப்பை எழுதிவிட்டு, அந்த மதிப்பெண்ணைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். அப்போது யாராலும் 281 காட்ட முடியாது.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்யுங்கள். அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். சென்டர் வேறு மாவட்டத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்துக்கான ஆணையத்திலேயே புகார் கொடுக்க இடம் உண்டு. நீங்கள் சென்டரில் கட்டிய பணம் ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் ஆணையத்துக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். துண்டு ரசீது, ஜிபே கட்டிய விவரம், ‘330 நிச்சயம்’ என்று வந்த வாட்ஸ்அப், ஃப்ளெக்ஸின் போட்டோ, அந்த ஜெராக்ஸ் கட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். எங்கள் வக்கீல் முதலில் கேட்டது 800 அட்டவணை இருக்கும் பக்கத்தைத்தான். ஒரே இடத்தில் ஏமாந்தவர்கள் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்தும் புகார் கொடுக்கலாம். டீ கறை விழுந்த அந்தப் புத்தகம் உங்கள் வீட்டிலும் இருந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள், வக்கீலிடம் பேசிச் சொல்கிறேன்.