ஹெட் கழற்றிய வண்டியா? செல்ஃப் அழுத்தும் முன் கையால் சுற்றச் சொல்லுங்கள்

வண்டியை நானே ஓட்டிக்கொண்டுதான் பட்டறைக்குப் போனேன். எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் ஓரத்தில் ஆயில் கசிவு, அவ்வளவுதான், எஞ்சினில் வேறு ஒரு குறையும் கிடையாது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

மாலையில் போனபோது வேலை முடியும் நேரம். மெக்கானிக் ஹெட் கவரை மூடினார், பிளக்கை மாட்டினார், நேராகச் செல்ஃபை அழுத்தினார். 'டக்' என்று ஒரு சத்தம், எஞ்சின் நின்றுவிட்டது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவரோ "பேட்டரி டவுன் சார்" என்று இன்னொரு பேட்டரியை இணைத்து மறுபடி மறுபடி அழுத்துகிறார். அப்புறம் கிக்கரை மிதித்தால் கால் சும்மா இறங்குகிறது, கம்ப்ரஷனே (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படுவது) இல்லை. கடைசியில் வந்த தீர்ப்பு: "வால்வு ஏற்கெனவே போயிருந்தது சார்."

வளைந்த வால்வோடு வண்டி எப்படி ஓடி வந்தது என்று கேட்டேன், பதில் இல்லை.

தள்ளிக்கொண்டு வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் முதலில் காட்டியது இடது பக்க மூடியில் இருக்கும் இரண்டு திருகு மூடிகளை. அதில் பழைய மண் காய்ந்து அப்படியே ஒட்டியிருந்தது! கிராங்க் தண்டின் முனையில் உள்ள மேக்னெட்டில், பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டும் டி குறியைப் பார்க்க ஒன்று, ஸ்பேனர் போட்டுச் சுற்ற இன்னொன்று, இரண்டையும் யாரும் திறக்கவே இல்லை. அதாவது பிஸ்டனும் வால்வும் ஒன்றோடொன்று இடிக்காமல் இசைந்து நகரும் கணக்கான டைமிங்கைக் கண் மதிப்பில் வைத்திருக்கிறார்கள். டி குறியை நேராக நிறுத்தினால் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டின் பல்சக்கரத்துக் குறி பல பற்கள் தள்ளி நிற்கிறது. ஹெட்டைக் கழற்றினால் பிஸ்டன் தலை முழுக்கக் கரி, வால்வு இடித்த இடம் மட்டும் பிறை மாதிரி பளபளக்கிறது. பழைய அடியென்றால் அதன்மேலும் கரி படிந்திருக்கும் இல்லையா?

பிளக்கைக் கழற்றிவிட்டு, எஞ்சின் ஓடும் திசையிலேயே மெதுவாகக் கையால் சுற்றியிருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது. சில நிமிட வேலை. பிளக் இல்லாததால் கம்ப்ரஷன் எதிர்க்காது, அதனால் வால்வு பிஸ்டனில் முட்டினால் கைக்கே தெரியும், அங்கேயே நிறுத்திவிடலாம். செல்ஃப் மோட்டார் அதையெல்லாம் பார்க்காது, இடித்துத் தள்ளிவிடும். ஒரு சுற்றோடு விடக் கூடாது, கிராங்க் 2 சுற்று போனால்தான் கேம் 1 சுற்று முடிக்கும். இரண்டும் முடிந்த பிறகு குறிகள் மறுபடி நேராக வருகின்றனவா என்று பாருங்கள். எதிர்த்திசையில் மட்டும் திருப்ப விடாதீர்கள், கிராங்கையும் கேமையும் இணைக்கும் செயின், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் உள்ள பக்கம் இழுபட்டு மறுபக்கம் தொய்ந்தால் பல் தாண்டக்கூடும். (டைமிங் தவறினாலும் வால்வு இடிக்காத எஞ்சின்கள் உண்டு. என்னுடையது அந்த ரகமில்லை.)

மண் ஒட்டிய மூடிகளின் படத்தோடு பழைய பட்டறைக்குத் திரும்பப் போனேன். கூலியைத் தருகிறோம், வால்வுக்குப் பொறுப்பில்லை என்கிறார்கள். இன்னும் பேச்சு முடியவில்லை, ஹெட் தனியாக வண்டி தனியாகக் கிடக்கிறது.