‘துரு எடுத்துப் புதுசாக்கித் தருகிறோம்’ என்றால் வாட்ச்சைக் கொடுத்துவிடாதீர்கள்

பழைய எச்.எம்.டி. ஜனதா ஒன்று. ஸ்ட்ராப் மாட்டும் காதுகளின் அடியில் பச்சை, பேக் கவர் ஓரத்தில் பழுப்புக் கறை. துரு எடுத்துப் பாலிஷ் போட 900 ரூபாய் என்றது கடை. இரண்டே நாளில் பளபளவென்று வந்தது. ஏழாவது வாரம் வெளிக்கூடான கேஸின் முனைகள் மஞ்சளித்தன, பச்சை திரும்பியது, சாவி கொடுக்கும் திருகான கீயைத் திருகினால் கரகரத்தது. திறந்தால், கீயின் தண்டிலும் பக்கத்து எஃகுப் பாகங்களிலும் செந்துரு. கீ நுழையும் துளைக்குள் பஃபிங் பேஸ்ட், அதாவது பாலிஷ் போடும் பசை. உள்ளே ஓடும் மெஷினைக் கழற்றாமலே ஆசிட் தடவி பஃபிங் சக்கரத்தில் பிடித்திருக்கிறார்கள். ஆசிட்டின் ஆவி பட்டாலே போதும், எஃகு துருப்பிடிக்கும்.

அந்தக் கேஸில் எடுப்பதற்குத் துருவே இல்லை. அது குரோம் முலாம் பூசிய பித்தளை. பித்தளையில் இரும்பு கிடையாது. பச்சை என்பது வியர்வை உப்பால் வந்த களிம்பு. பழுப்பு, ஸ்ட்ராப் பின்னும் தண்டும் கசியவிட்ட கறை. பேக் கவரில் ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்’ என்று பொறித்திருப்பதைப் பார்த்து முழு வாட்ச்சும் ஸ்டீல் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். பின்மூடி மட்டும்தான் ஸ்டீல். குரோம் பூச்சு ஒரு மைக்ரான்கூட இருக்காது. பஃபிங் சக்கரம் மிச்சமிருந்ததையும் வழித்து, அடியில் இருந்த நிக்கலையும் தின்றுவிட்டது.

செய்திருக்க வேண்டியது இது. மெஷின், கிளாஸ், கீ, தண்ணீர் புகாமல் தடுக்கும் வாஷர் எல்லாவற்றையும் கழற்றி, வெறும் கேஸை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பல் குச்சியால் களிம்பைச் சுரண்ட வேண்டும். உலோகக் கருவி வேண்டாம். மீதிக்கு 100 மி.லி. தண்ணீரில் 5 கிராம் சிட்ரிக் ஆசிட் கலந்து இரண்டு மூன்று நிமிடம், கண் எடுக்காமல். பித்தளை இளஞ்சிவப்பாக மாறினால் துத்தநாகம் கரைகிறது, உடனே எடுத்துவிடுங்கள். பிறகு சோடா உப்புத் தண்ணீர், அடுத்து டிஸ்டில்ட் வாட்டர், நன்றாக உலர்த்தல். முலாம் போன இடம் இதனால் திரும்பாது. பழைய பூச்சை முழுதாக நீக்கி, குழிகளைச் செம்பால் நிரப்பிச் சமப்படுத்தி, நிக்கல், அதன்மேல் குரோம் ஏற்ற வேண்டும். குரோம் கரைசல் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. வீட்டில் முயலவே கூடாது.

முழு ஸ்டீல் கேஸ் என்றால் கதை வேறு. வாஷர் உட்காரும் பள்ளத்தில் வியர்வை தேங்கி, காற்றுப் படாமல், ஸ்டீலைக் காக்கும் குரோமியம் ஆக்சைடு படலம் தன்னைப் புதுப்பிக்க முடியாமல் போய்க் குழி விழுகிறது. அங்கே பஃபிங் செய்தால் வாஷர் பொருந்தும் தளமே குறைந்து, தண்ணீர் உள்ளே இறங்கும். ஆழமான குழிக்கு லேசர் வெல்டிங் செய்து கடைசலில் சீர்செய்வதே வழி. லேசானதற்குச் சுத்தம் செய்து, 10 சதவீத சிட்ரிக் ஆசிட்டில் 50–60 டிகிரி செல்சியஸில் அரைமணி நேரம் வைத்து, புது வாஷரில் சிலிக்கான் கிரீஸ் தடவிப் போட வேண்டும். கழிவறை ஆசிட் தொடவே கூடாது, அதன் குளோரைடுதான் புதுக் குழி போடும். இரும்புக் கம்பி நாரும் வேண்டாம். அது விட்டுச்செல்லும் இரும்புத் துகளே பிறகு துருவாகிறது.

கொடுக்கும் முன் பேக் கவர் எண்ணையும் காதுகளின் விளிம்பையும் படம் எடுத்து வையுங்கள். மெஷின் கழற்றிய வெறும் கேஸின் படத்தை, வேலை தொடங்கும் முன்பே கடையிடம் கேளுங்கள். மறுத்தால் வாட்ச்சைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.